காய் வெடிக்கும் சத்தம்

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். வீட்டில் அதுதான் பெரிய தொல்லை. என் வீட்டுக்காரர் எஹலியகொட டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார். பகல் முழுக்க இஞ்சின் இரைச்சலுக்குள் இருந்துவிட்டு வருகிற மனுஷனுக்கு, வீட்டுக்கு வந்தால் எந்தச் சத்தமும் காதில் ஏறாது. எனக்கு எல்லாமே ஏறும். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று சீறுவது, சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் பெட்டியை இழுப்பது, வெயில் தாழ்ந்ததும் கூரைத் தகரம் சுருங்கி முனகுவது. ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். சோற்றில் கை வைத்தவள் பாதியில் எழுந்தால் முன்பெல்லாம் அவருக்கு எரிச்சல் வரும். என் காதுக்கும் தனியாகப் பேர் போட்டுச் சம்பளம் கொடுக்கச் சொல்லித் தோட்டத்து ஆபீசில் கேட்கப் போவதாகக் கிண்டல் செய்வார்.

நான் பிறவியிலேயே இப்படி இல்லை. தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவள். இந்தப் பக்கம் ஒரு வீட்டில் தும்மினால் அந்தப் பக்கம் நாலு வீட்டுக்குக் கேட்கிற இடத்தில், காதைத் திறந்து வைத்துக்கொண்டே மூடிக்கொள்ளத் தெரியாதவர்கள் பிழைக்க முடியாது. எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. பிறகு எப்படியோ கைவிட்டுப் போனது. எப்போது போனது என்பதும் எனக்குத் தெரியும்.

நான் ரப்பர் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறேன். வாசலில் தொங்கும் பலகையில் சிறுவர் பராமரிப்பு நிலையம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. பெற்றவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பால் வெட்டப் போகிற தாய்மார் விடியும்போதே தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். கைக்குழந்தைகளுக்கு உள்ளறையில் தொட்டில், நடக்கிறதுகளுக்கு முன்னறையில் பாய். பின்பக்கம் குசினி. குசினிக்குப் பின்னால் ஒரு கால்வாய், அதற்கு அப்பால் செங்குத்தாக வெட்டிய மண் திட்டு, திட்டுக்கு மேலே பழைய ரப்பர் மலை. கட்டியவர்கள் மலையை வெட்டிச் சமப்படுத்தித்தான் கட்டியிருக்கிறார்கள். அங்கே எல்லாக் கட்டடமும் அப்படித்தான்.

மாவட்டத்தில் அங்கங்கே மண் சரிந்து ஆட்கள் செத்துப்போன ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, எங்கள் பக்கத்து மலைகளைப் பார்க்க ஓர் ஆபீசர் வந்தார். சிங்களவர், பொறுமையான மனுஷன். எனக்குச் சிங்களம் சரளமாக வரும் என்பதால், அவர் சொல்லச் சொல்லத் தமிழில் ஆட்களுக்குச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. தரையில் வெடிப்பு கண்டால், மரமும் கம்பமும் சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால் உடனே வெளியேறிவிட வேண்டும் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக, சில இடங்களில் முதலில் சத்தம் வரும் என்றார். எப்படிப்பட்ட சத்தம் மஹத்தயா என்று நான் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். தானே கேட்டதில்லை என்றும், தப்பி வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள் என்றும் சொன்னார். ஒருவர் மரம் முறிவது மாதிரி என்பாராம், இன்னொருவர் பீப்பாய் உருட்டுவது மாதிரி என்பாராம், பெருங்காற்று மாதிரி என்பவர்களும் உண்டாம்.

அதையும் தமிழாக்கிச் சொன்னேன். கூடியிருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள், தண்ணீர்த் தாங்கி எப்போது கட்டித் தருவார்கள் என்று அவரிடம் கேட்கச் சொன்னார்கள், கலைந்து போனார்கள். அவர்களுக்கு அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. மரம் முறிவது மாதிரி, பீப்பாய் உருட்டுவது மாதிரி, காற்று மாதிரி என்றால் தோட்டத்தில் எந்தச் சத்தம்தான் மிச்சம்?

முதல் தடவை நான் பிள்ளைகளை வெளியே கொண்டு ஓடியது ரப்பர் ஸ்டோரில் ஷீட் அடிக்கும் ரோலர் சத்தத்துக்கு. அந்த ரோலரை நான் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். ஆனால் அன்றைக்கு அது மலைக்குள்ளிருந்து வந்தது. சத்தியமாக மலைக்குள்ளிருந்துதான் வந்தது. செருப்பைப் போடு, முன்னால் நிற்கிறவன் சட்டையைப் பிடி, பேசாமல் நட என்று நான் ஏற்கெனவே பழக்கி வைத்திருந்ததால், பிள்ளைகள் ஒரு விளையாட்டு மாதிரி வரிசையாகக் கோயில் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். மண்டபம் எதிர்ப்பக்கத்து மேட்டில், தட்டையான இடத்தில் இருக்கிறது. அன்றைக்கு டீச்சர் விழிப்பாக இருக்கிறார் என்று தாய்மார் மெச்சினார்கள். இரண்டாம் தடவை குசினிக் கூரையில் பலாப்பழம் விழுந்தது. அதற்கு ஊரே சிரித்தது. மூன்றாம் தடவை என்ன சத்தமென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு மழை பெய்தது, பிள்ளைகள் நனைந்தார்கள், நாலு வயதுப் பிள்ளை ஒருத்திக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிவரை போனது.

அவளுடைய அம்மா பால் வெட்டுகிறவள், என்னைவிட இளையவள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னிடம்தான் வந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"எம் புள்ளைக்கு மலையால காய்ச்சல் வரல டீச்சர். ஒங்க பயத்தால வந்துச்சு," என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்ற ஓடியவளுக்கு இதுதான் மரியாதையா என்று வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாக வைத்தேன். அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் ஆத்திரத்துக்குக் காரணம் என்று இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கே புரிந்தது.

அதற்குப் பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்தேன். காது என்ன செய்கிறது? ஒரு சத்தத்தைக் கொண்டுவந்து போடுகிறது, அவ்வளவுதான். இது ரோலர், இது பலாப்பழம், இது மலை என்று பேர் வைப்பது காது இல்லை. உள்ளே வேறு யாரோ உட்கார்ந்துகொண்டு, நாம் கேட்பதற்கு முன்பே பேர் எழுதி ஒட்டிவிடுகிறார்கள். நமக்குச் சத்தமும் பேரும் சேர்ந்தே வருகின்றன. அதனால் பேரையும் காதால் கேட்டதாக நினைத்துக்கொள்கிறோம். எனக்குள்ளே அந்த இடத்தில் பயம் ஏறி உட்கார்ந்திருந்தது. அதற்குத் தெரிந்த பேர் ஒன்றே ஒன்றுதான்.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சத்தம் கேட்டால் உடனே எழும்பக் கூடாது. முதலில் அது என்னவென்று மனதுக்குள் நிதானமாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் இருக்கிற சத்தங்களில் ஒன்றோடு பொருந்திவிட்டால் வேலையைப் பார்க்க வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள், அதைப் பாடம் மாதிரிப் பழகினேன். கதவு. ஆடு. விறகு கொத்துகிற சத்தம். பக்கத்து லயத்து ரேடியோ. ஆவணி வெயில் ஆரம்பிப்பதற்குள் எனக்கு நன்றாகவே கைவந்துவிட்டது. சோற்றை முழுதாகச் சாப்பிட்டு எழுந்தேன். வீட்டுக்காரர் என் காதின் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

அந்த வெயிலில்தான் ரப்பர் காய் வெடிக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காய் மரத்திலேயே காய்ந்து, வெயில் ஏற ஏற இறுகி, ஒரு நேரத்தில் படாரென்று வெடித்துக் கொட்டைகளைத் தூர எறியும். கொட்டை வந்து தகரக் கூரையில் விழுந்து கடகடவென்று உருண்டு வாசலுக்கு இறங்கும். பிள்ளை நிறுக்க வந்த புது மிட்வைஃப் ஒருத்தி முதல் வெடிக்கே தலையைக் குனிந்துகொண்டு மேசைக்குப் பக்கத்தில் ஒதுங்கினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்களுக்கு அது சத்தமே இல்லை. பிள்ளைகளுக்கோ அது கூப்பிடுகிற மணி. வெடித்ததும் வாசலுக்கு ஓடி, உருண்டு வரும் கொட்டையைப் பொறுக்குவார்கள். சீமெந்துத் தரையில் அதைத் தேய் தேய் என்று தேய்த்துச் சூடாக்கி, பக்கத்தில் இருக்கிறவன் கையில் வைத்து அலற விடுவார்கள். நானும் அந்த வயதில் அதையேதான் செய்தேன். கொட்டைக் காலம் முடியும்வரை எனக்கு ஒரே பஞ்சாயத்துத்தான்.

அந்த வருஷம் கொட்டைக் காலம் முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் ஊற்றியது. பால் வெட்டு இல்லை, ஆகவே யாருக்கும் பேரும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. மூன்றாம் நாள் விடியும்போது வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மரம் காயட்டும் என்று சற்றுத் தாமதித்து வேலை கொடுத்தார்கள். இரண்டு நாள் சும்மா இருந்த தாய்மார் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மரங்களில் வெட்டு முடிந்து சிரட்டையில் பால் நிறைகிற நேரத்தில் மழை திரும்பவும் வந்தது. மழைத் தண்ணீர் கலந்தால் பால் வீண். எல்லோரும் மலையின் அந்தப் பக்கத்தில் வாளியோடு மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டிருந்திருப்பார்கள். நான் பெரிய தட்டில் சோறும் பருப்பும் பிசைந்து பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

பின்பக்கம் படாரென்றது.

"கொட்ட," என்று இரண்டு மூன்று பேர் வாயில் சோற்றோடு எழுந்தார்கள். நானும் மனதுக்குள் பேர் சொன்னேன். காய் வெடிக்கிறது. பேர் பொருந்தியது, மனது அடங்கியது, அடுத்த உருண்டையைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. கூரையில் கொட்டை உருண்டு போனதும் எனக்குக் கேட்டது. கோயிலில் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்திருப்பேன்.

காய்ச்சலில் கிடந்து எழுந்த அந்த நாலு வயதுக்காரிதான் முதலில் வாசலுக்கு ஓடினவள். அவள் திரும்பி வந்து, கொட்டை இல்லை என்றாள். வாசலோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்திருக்கும், மழையில் நனையாதே என்று அதட்டி உட்கார வைத்தேன். மறுபடி ஒன்று வெடித்தது. நான் பிடிப்பதற்குள் மறுபடி ஓடினாள். வந்து என் முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"கொட்ட விழல டீச்சர்," என்றாள். நான்தான் ஒளித்து வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறேன் என்கிற மாதிரிக் கோபம் அவள் முகத்தில்.

நான் கூரையைப் பார்த்தேன். தகரத்தின் மேல் மழை விழுந்த இரைச்சலில் நானே பேசினால் எனக்கே கேட்காது. இதற்குள் ஒரு கொட்டை உருண்டது எனக்கு எப்படிக் கேட்டது? யார் உருட்டினார்கள்? அப்புறம்தான் மற்றது உறைத்தது. இரண்டு நாளாக வெயில் இல்லை. ரப்பர் காய் மழையில் வெடிக்காது. தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அது தெரியும், எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தெரிந்திருந்தும் நாங்கள் எல்லோரும் காய் வெடித்ததைக் கேட்டோம்.

குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். மண் திட்டு அசையாமல் அப்படியேதான் நின்றது. கால்வாயில் தண்ணீர் கலங்கலாக ஓடியது, ஆனால் மழையில் எந்தக் கால்வாய்தான் கலங்காமல் ஓடும்? அப்போதும் எனக்கு நிச்சயமில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பிறகு ஆட்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள். இன்னொரு தடவை காரணமில்லாமல் பிள்ளைகளை நனைத்தால் என்னை நம்பி ஒருத்தியும் பிள்ளையை விடமாட்டாள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. மலையையும் மழையையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே, செருப்பைப் போடுங்கள் என்றேன். தொட்டிலில் கிடந்த இரண்டு குழந்தைகளில் ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் போட்டுக்கொண்டேன். நடக்கிற பிள்ளைகள் வரிசையில் முன்னால் நடந்தார்கள். சோற்றுத் தட்டு அப்படியே கிடந்தது.

பாதி வழியில் எதிரே வந்தாள் அந்தக் காய்ச்சல்காரியின் அம்மா. தலையில் பொலித்தீன், கையில் பால் வாளி. வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மகள் தொப்பலாக நனைந்து நிற்கிறாள். அவள் கண் என் பக்கம் திரும்பியது. ஒரு நிமிஷம் இருந்தால் அவள் என்ன சொல்வாளோ அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

"காய் வெடிக்குது, கொட்ட விழல," என்றேன்.

அவளுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவைப்படவில்லை. நிமிர்ந்து மழையைப் பார்த்தாள். வாளியை வழியிலேயே வைத்துவிட்டு, மகளை ஒரு கையிலும் பின்னால் தடுமாறி வந்த பையனை மறு கையிலும் வாரிக்கொண்டு மண்டபத்துக்கு ஏறினாள். நான் பின்னால் ஏறினேன். வெளியூர்க்காரர் யாரிடம் நான் அதைச் சொல்லியிருந்தாலும் எனக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மண்டபத்தில் தலைகளை எண்ணினேன், திரும்ப எண்ணினேன், எல்லாரும் இருந்தும் இன்னொரு தடவை எண்ணினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போது அவள் என் முழங்கையைப் பிடித்தாள். திரும்பிப் பார்த்தால், குசினி இருந்த இடத்தில் ஒரு ரப்பர் மரம் சாய்ந்து நின்றது. தொட்டில் அறையின் கூரைத் தகரத்தில் ஒரு முனை மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது. முன்னறையும் வாசலும் பலகையும் அப்படியே இருந்தன.

ஒரு வருஷமாக நான் காத்துக் கிடந்த சத்தம் அது. வந்தபோது எனக்குக் கேட்கவில்லை. மற்றவர்களைக் கேட்டால் ஒருவர் ஹெலிகொப்டர் மாதிரி என்றார், ஒருவர் நூறு வாளிச் சரளைக் கல்லைக் கொட்டின மாதிரி என்றார். மலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கிறது. பக்கத்திலேயே நின்ற எனக்கு ஒன்றுமில்லை, பிள்ளைகளின் தலைகள்தான் ஞாபகத்தில் இருக்கின்றன.

அதன் பிறகு என் காதுக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. டீச்சருக்கு மலை பேசுவது கேட்கும் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. மலையை நான் கேட்கவில்லை, உங்களைப் போலத் தப்பாகத்தான் கேட்டேன், கொட்டைக்கு ஆசைப்பட்ட பிள்ளைதான் காரணம் என்றால், தன்னடக்கம் என்றார்கள். மழை இருட்டினால் போதும், லயத்தில் யாராவது ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்று, "ஏதும் கேக்குதாங்க டீச்சர்?" என்பார்கள். வீட்டுக்காரர் கிண்டலை அடியோடு விட்டுவிட்டார். நான் தலையைத் திருப்பினால் அவரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். கிண்டலே தேவலை என்று இருக்கிறது.

பிள்ளைக் காம்பராவை இப்போது மெயின் ரோட்டு ஓரத்தில், தட்டையான நிலத்தில் இருக்கிற பழைய ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். பின்னால் திட்டு இல்லை, மலை எட்டத்தில் இருக்கிறது. கல் ஏற்றுகிற டிப்பர் லொறிகள் பகல் முழுக்க ஓடும். திரும்பின பக்கமெல்லாம் புதுச் சத்தங்கள். ஒன்றுக்கும் எனக்குப் பேர் தெரியாது. பழைய சத்தங்களுக்குப் பேர் சொல்லவும் இப்போது பயமாக இருக்கிறது, அவ்வளவு பொருத்தமாக ஒரு பேர் பொருந்தித்தானே அன்றைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

போன கிழமை மழை. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். எங்கோ பலமாக ஒரு முழக்கம் கேட்டது, தரை லேசாக அதிர்ந்தது. பிள்ளைகளில் ஒன்றுகூடக் கதவையோ கூரையையோ பார்க்கவில்லை. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. அப்போதுதான் கவனித்தேன்: இதுகள் சத்தத்தைக் கேட்பதில்லை, சத்தம் வந்தால் என்னைப் பார்க்கின்றன. நான் எழும்பினால் அது மலை. நான் ஊட்டினால் அது ஒன்றுமில்லை.

கையில் உருண்டையோடு அப்படியே இருந்தேன். எழும்பினால், இனி வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு சத்தத்துக்கும் இதுகள் என்னைப் போலத் தட்டை வைத்துவிட்டு ஓடும். எழும்பாவிட்டால், எழும்பாததற்கு என்ன விலை என்பதும் எனக்குத் தெரியும். அந்த நாலு வயதுக்காரி என் எதிரே இருந்தாள். சப்பிக்கொண்டிருந்ததை நிறுத்தியிருந்தாள்.

"அது என்னா டீச்சர்?" என்றாள்.

"டிப்பர்தான். சாப்பிடு," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உடனே வாயைத் திறந்தாள். மற்றதுகளும் பேச ஆரம்பித்தன. உருண்டையை அவள் வாயில் வைத்தேன். நான் இன்னும் வெளியே எட்டிப் பார்க்கவே இல்லை.